பதினேழாம் எண்ணின் வியாழக்கிழமைகள்

கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் நடத்தினால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மாணவர்களுக்கு என் முகம் தெரியும் என்று நான் நம்பினேன். நான் தட்டும் எழுத்து அவர்கள் திரைக்குப் போகிறது என்றால், அதே வழியில் நானும் கொஞ்சம் போகத்தானே செய்வேன்? இதுதான் என் தர்க்கம். கணிதத்தில் முதுகலை முடித்தவன், பதினைந்து வருஷமாகக் கல்லூரியில் பாடம் எடுப்பவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நியாயம்.

ஆகவே முதல் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, அளவான விபூதி, எண்ணெய் வைத்து வாரிய தலையுடன் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். சட்டைப் பையில் ஒரு சாக்பீஸ். அதைத் தொட்டுக்கொள்ளாமல் எனக்கு வாய் திறக்காது. இங்கே வாய் திறக்கவே தேவையில்லை, விரலைத்தான் அசைக்க வேண்டும் என்பது அப்போது தோன்றவில்லை. இடது கன்னத்தில் ஒரு மரு இருப்பதால் இடது பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, கண்ணை மட்டும் ஓரமாகத் திருப்பித் திரையைப் பார்த்துத் தட்டினேன். மூன்று வாரம் இப்படியே. கழுத்து பிடித்துக்கொண்டது.

பிரவுசிங் சென்டர் நடத்தியவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். அவர் அப்பா காலத்தில் அதே கடையில் தையல் மெஷின் ரிப்பேர் நடந்தது. அதனாலோ என்னவோ, எந்த மெஷின் முன்னாலும் பதறாத மனிதர். நான்காவது வாரம் என் பக்கத்தில் வந்து குனிந்து, அக்கம்பக்கத்துக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“சார், தப்பா நெனைக்காதீங்க. இதுல கேமராவே இல்ல. நீங்க லுங்கியில வந்து உக்காந்தாலும் உங்க பசங்களுக்குத் தெரியப் போறதில்ல.”

நன்றி சொல்லிவிட்டுத் திரையை நேராகப் பார்த்தேன். எழுத்துகள் நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தன.

நான் வேலைக்குச் சேர்ந்தது எண்பத்தொன்பதில். அப்போது எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடையாது. பிறகு ஒன்று வந்தது. அதற்கு ஏசி அறை, வெல்வெட் உறை, வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்ற அறிவிப்பு. நான் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு தடவை உள்ளே போயிருக்கிறேன். இரண்டு தடவையும் வெயில் தாங்காமல். அது எனக்குக் கெடுதல் செய்யவில்லை, நானும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. இப்படிச் சுமுகமாகப் பல வருஷம் போன பிறகு, ஒரு பல்கலைக்கழகம் தன் தொலைதூரக் கல்வி மாணவர்களுக்கு இணையம் வழியாக உதவப் போவதாக அறிவித்தது. எங்கள் கல்லூரி அதன் படிப்பு மையம். சமூகவியல் பட்டப்படிப்பில் புள்ளியியல் என்று ஒரு தாள் உண்டு. எல்லாரும் அதில்தான் கவிழ்வார்கள். அதற்கு ஆள் வேண்டும் என்று முதல்வர் கேட்டபோது, எங்கள் துறையின் மற்ற மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் அந்த நேரம் பார்த்து மின்விசிறியைப் பார்த்துத் தொலைத்தேன். நிமிர்ந்த தலை என்னுடையது மட்டும்தான்.

வேலை இதுதான். கேள்விப் பலகை என்று ஒரு பக்கம் இருக்கும். மாணவர்கள் எப்போது வேண்டுமானாலும் அதில் சந்தேகம் எழுதலாம். இரண்டு நாளுக்குள் நான் பதில் எழுத வேண்டும். ஞாயிறு காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து தட்டித் தட்டிப் பேசலாம். அதற்குச் சாட் என்று பெயர். மாணவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். பாதிப் பேரை நான் பார்த்ததில்லை, பார்க்கப் போவதுமில்லை. எனக்குப் பதிவெண்கள் மட்டும் கொடுத்தார்கள், ஒன்று முதல் இருபத்து நான்கு வரை.

முதல் சாட்டில் நான் செய்த காரியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. வருகைப் பதிவு எடுத்தேன். வகுப்பு என்றால் முதலில் அதுதானே? “எண் ஒன்று” என்று தட்டினேன். தட்டச்சு தெரியாத விரல். ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையில் தேடிப் பிடித்து அமுக்க வேண்டும். ஒன்று “உள்ளேன் ஐயா” என்றது. அதற்குள் ஐந்தும் பன்னிரண்டும் முந்திக்கொண்டு “உள்ளேன் ஐயா” என்றன. வரிசையாக வரச் சொல்லிக் கண்டித்தேன். மன்னிப்புக் கேட்டன. ஒன்பதாம் எண் இருமுறை கூப்பிட்டும் பேசவில்லை. அங்கே கரண்ட் போய்விட்டதாம், அது எனக்கு மறுவாரம்தான் தெரிந்தது. இருபத்து நான்காம் எண் உள்ளேன் சொன்னபோது மணி பதினொன்று ஐம்பத்தைந்து. மிச்ச ஐந்து நிமிஷத்தில் “சராசரி என்றால் என்ன” என்று தட்டி முடித்தேன். வகுப்பு கலைந்தது. எல்லாரும் தனித்தனியாக “நன்றி ஐயா” என்றார்கள். அதற்கே பன்னிரண்டே கால்.

திரையின் வலது ஓரத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற பட்டியல் தானாகவே தெரிகிறது என்பதையும் பாய்தான் காட்டினார். “பொட்டியே பேர் கூப்டுது சார், நீங்க எதுக்குத் தொண்டைத் தண்ணிய வத்தடிக்கிறீங்க” என்றார். தொண்டை இதில் சம்பந்தப்படவே இல்லை. ஆனால் எனக்கு வற்றியிருந்தது உண்மை.

இதையெல்லாம் சொல்வது சிரிப்பதற்காக மட்டுமல்ல. அந்தக் கேள்விப் பலகை எனக்கு ஒரு விஷயத்தைப் புரியவைத்தது, அதைச் சொல்லத்தான். வகுப்பில் “புரிஞ்சுதா?” என்று கேட்டால் அறுபது தலையும் ஆடும். அந்த ஆட்டத்தை நம்பித்தான் நான் பதினைந்து வருஷம் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பலகையில் தலை ஆடாது. எழுதினது புரிகிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் அதே கேள்வி அங்கேயே நிற்கும். எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கத்தை விளக்கி ஒரு பத்தி எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஆண்டும் நடத்தியதுதான். மூன்று முறை அடித்து எழுதிய பிறகுதான் எனக்கே அது என்னவென்று பிடிபட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பலகை ஆரம்பத்தில் ஈ ஓட்டியது. வாத்தியாரிடம் எல்லார் முன்னாலும் சந்தேகம் கேட்பது நம் பிள்ளைகளுக்கு வராது. கேட்டால் தெரியாது என்றாகிவிடும், கேட்காவிட்டால் தெரிந்ததாகிவிடும். ஒரே ஒருவர் மட்டும் விதிவிலக்கு: எண் பதினேழு.

பதினேழாம் எண் மாதம் முழுக்க வாயே திறக்காது. இரண்டாவது வியாழக்கிழமை மாலை திடீரென்று விழித்துக்கொள்ளும். பன்னிரண்டு கேள்வி, பதினான்கு கேள்வி, ஒன்றன் பின் ஒன்றாக. பிறகு மறுபடி ஒரு மாதம் மௌனம். வெள்ளிக்கிழமை காலை திறந்து பார்த்தால் பலகை நிரம்பி வழியும். எனக்கு இரண்டு நாள் கெடு. அதனால் வெள்ளியும் சனியும் நான் வீட்டில் ஆள் கிடையாது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பாடப்புத்தகம். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, கல்யாணமான புதிதில்கூட நீங்கள் இப்படி யோசித்து எனக்குப் பதில் சொன்னதில்லை என்றாள். நான் அதற்கும் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்விகள் ஒரு தினுசாக இருக்காது. ஒன்று, பின்னத்தை வகுப்பது எப்படி என்று ஆறாம் வகுப்புச் சந்தேகம். அடுத்தது நம்மைப் புத்தகம் தேட வைக்கும். ஒன்றை மறக்கவே முடியாது. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்கள். அப்போது எல்லாரும் அப்படித்தான். பதினாறு குழந்தைகளுக்கு எடை போடுகிறோம் ஐயா, ஒரு குழந்தை மட்டும் நல்ல குண்டு, மிச்சப் பதினைந்தும் நோஞ்சான், சராசரி போட்டால் எல்லாம் பரவாயில்லை என்று வருகிறது, மேலே இருப்பவர்களும் பரவாயில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள், அந்தப் பதினைந்து குழந்தை எங்கே போச்சு?

நான் நாற்காலியை விட்டு எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்தேன். சராசரி ஏமாற்றும், அந்த இடத்தில் இடைநிலை என்ற ஒன்றை எடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் மூன்று வரி இருக்கும். அந்த மூன்று வரி ஏன் இருக்கிறது என்று இத்தனை காலம் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதினாறு குழந்தைகளையும் எடைப்படி வரிசையில் நிற்க வைத்து, நடுவில் நிற்கிற இரண்டு பேரைப் பாருங்கள், குண்டுக் குழந்தை எவ்வளவு குண்டாக இருந்தாலும் அது ஓரத்தில்தான் நிற்கும் என்று பதில் எழுதினேன். எழுதிவிட்டு அதையே கல்லூரியில் என் சொந்த வகுப்பிலும் நடத்தினேன், என் யோசனை மாதிரி.

சந்தேகமும் அங்கேதான் முளைத்தது. பின்னம் வகுக்கத் தெரியாத ஆளும் இந்தக் கேள்வியைக் கேட்ட ஆளும் ஒருவரா? பழைய கேள்விகளை வரிசையாகப் படித்தேன். ஒன்றில் “சார்”, ஒன்றில் “அய்யா”, இன்னொன்றில் “மதிப்பிற்குரிய ஐயா அவர்களின் சமூகத்திற்கு”. ஒன்று பேச்சுவழக்கில் “ஜாஸ்தி, கம்மி” என்று பேசியது. மற்றொன்று இலக்கணம் பிசகாமல் “மிகுதி, குறைவு” என்றது. இது ஒரு ஆள் இல்லை என்று துப்பறிந்துவிட்டேன். எனக்கு ரொம்பப் பெருமை.

பெருமையோடு விட்டிருக்கலாம். அந்த நவம்பரில் சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒருவருக்குக் கொடுத்த லாகினை வேறொருவர் பயன்படுத்தினால் அந்த மாணவரின் பதிவு ரத்து செய்யப்படும். தெரிந்தும் சொல்லாத ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பு என்ற சொல்லைப் பார்த்தாலே பயந்துவிடும் சுபாவம் எனக்கு. விசாரணைக் கமிஷன் முன் நான் கைகட்டி நிற்பது, “உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்பது, என் மரு கேமராவில் பெரிதாகத் தெரிவது, எல்லாம் வரிசையாக ஓடியது. செவ்வாய்க்கிழமை பாய் கடைக்குப் போய் சென்னை மண்டல அலுவலகத்துக்கு மெயில் எழுதினேன். எண் பதினேழு என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கேள்வி கேட்பதாக நம்ப இடமிருக்கிறது. நடை வேறுபாடுகளை எடுத்துக்காட்டுகளுடன், அட்டவணை போட்டு, திறம்பட நிறுவியிருந்தேன். அனுப்பு என்பதை அமுக்கியதும் மனசு லேசானது.

இரண்டு நாள் லேசாகவே இருந்தது. வியாழக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை. வேறு வேலையாகக் கடைத்தெருவுக்குப் போனவன், மெயிலுக்குப் பதில் வந்திருக்கிறதா பார்ப்போம் என்று மாலை நான்கு மணிக்குப் பாய் கடைக்குள் நுழைந்தேன். வியாழனில் நான் அங்கே போனதே இல்லை. அது இரண்டாவது வியாழன் என்பதும் நினைவில் இல்லை.

மூலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நீலக் கரைச் சீருடைச் சேலை, காலடியில் துணிப்பை. விசைப்பலகையின் வலப்பக்கம் துண்டுக் காகிதங்கள், ஊக்கு குத்திய கட்டாக. ஒரு துண்டைப் பார்ப்பார், ஒற்றை விரலால் தட்டுவார், துண்டைத் திருப்பிப் போடுவார். இடப்பக்கம் வேறொரு கட்டு: வெள்ளைத்தாள்களுக்கு நடுவே கார்பன் பேப்பர் வைத்து, பேனாவை அழுத்தி, திரையில் இருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். திரையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். குண்டுக் குழந்தை ஓரத்தில்தான் நிற்கும் என்று இருந்தது.

பாய் அறிமுகம் செய்துவைத்தார். இவர்தாம்மா உங்க புள்ளியியல் சார் என்றதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. என்ன எழுதுகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

மறைக்க எதுவும் இல்லாதவர் மாதிரி சொன்னார். அவர் ஒரு பால்வாடி ஆசிரியை. சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து இன்னும் எட்டுப் பால்வாடி ஆசிரியைகள் இதே பட்டப்படிப்பைப் படிக்கிறார்கள். எல்லாருமே முறையாகப் பதிவு செய்தவர்கள்தான். ஆனால் அவர்கள் ஊரில் போன் இருப்பதே பெரிய விஷயம், அதனால் இணைய வசதி வேண்டும் என்ற கட்டத்தில் டிக் போட்டது இவர் ஒருவர்தான். மாதத்தின் இரண்டாவது வியாழன், ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் பால்வாடிக்காரர்களுக்கு மாதாந்திரக் கூட்டம். எடைப் பதிவேட்டையும் மாவுக் கணக்கையும் கொண்டு வரும்போது அவர்கள் சந்தேகத்தையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். கூட்டம் முடிந்து இவர் நேராக இங்கே வந்து எல்லாவற்றையும் தட்டுவார். போன மாதக் கேள்விகளுக்கு நான் எழுதிய பதில்களைக் கார்பன் வைத்து எட்டுப் பிரதி எடுப்பார். ஒரு அழுத்தில் நான்கு பிரதி விழும், அதனால் ஒவ்வொரு பதிலையும் இரண்டு தடவை எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுப்பார்.

பிரிண்ட் எடுக்கலாமே என்றேன்.

“எடுக்கலாம் சார். ரெண்டு தபா எழுதினாதான் எனக்கு மண்டையில ஏறுது.”

கேள்விகளையாவது உங்கள் நடையில் ஒரே மாதிரி எழுதியிருக்கக் கூடாதா, என்னைப் போன்ற துப்பறிவாளனுக்கு வேலை கொடுக்காமல்? இதை நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியும். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

“அவங்க கேட்டத நான் மாத்தி எழுதினேன்னா, நான் புரிஞ்சிக்கினதுதான சார் உங்களுக்கு வரும்? அவங்களுக்குப் புரியாதது வராதே.”

ஆசிரியர் பயிற்சி என்று வருஷத்துக்கு இரண்டு முறை எங்களை உட்கார வைத்துப் பிஸ்கட் கொடுப்பார்கள். இந்த ஒரு வாக்கியத்தை அங்கே யாரும் சொன்னதில்லை.

நான் பேச்சுவாக்கில், தேர்வெல்லாம் எப்படி என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். மற்ற எல்லாத் தாளும் தேறிவிட்டாராம், இந்தப் புள்ளியியல் ஒன்றுதான் பாக்கி. இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் போய்விட்டது. பட்டம் வந்தால் சூப்பர்வைசர் வேலைக்கு மனு போடலாம்; அதற்கு வயது வரம்பு இன்னும் ஒரு வருஷம்தான். தேர்வோ வருஷத்துக்கு ஒரு முறைதான்; வரும் டிசம்பர் தேர்வு போனால் மனுவும் போச்சு. பதிவு ரத்தானால் டிசம்பரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த ரத்துக்கு நான் அட்டவணை போட்டு மெயில் அனுப்பி இரண்டு நாள் ஆகிறது.

அவர் மறுபடி தட்ட ஆரம்பித்ததும், நான் பாயை வெளியே தள்ளிக்கொண்டு போய், அனுப்பின மெயிலைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். வழியில் எங்காவது நிறுத்தி வைக்க முடியுமா, சென்னை போக நேரம் ஆகுமே என்றேன். பாய் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

“சார், அது பஸ் இல்ல, செங்கல்பட்டுல மடக்கிப் புடிக்க. நீங்க அமுக்கி விரல எடுக்கறதுக்குள்ள போய்ச் சேந்துட்டிருக்கும்.”

இன்னொரு மெயில் அனுப்பி, முந்தையதைப் படிக்காதீர்கள் என்று சொல்லலாமா என்றேன். அப்படிச் சொன்னால்தான் முதலில் அதைப் படிப்பார்கள் என்றார். நியாயம்தான். வீட்டுக்குப் போனேன். மனைவி எதுவும் கேட்காமல் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நான் என் தரப்பு நியாயங்களைச் சொல்லத் தொடங்கி, சுற்றறிக்கை, பொறுப்பு, விதி என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவள் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“ஏங்க, அந்தம்மாகிட்ட சொன்னீங்களா?”

சொல்லவில்லை. மறுநாள் மண்டல அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்தப் பக்கம் பேசிய பெண் அதிகாரி, என் மெயில் மிகத் தெளிவாக இருப்பதாகவும் அட்டவணை ரொம்ப உதவியாக இருப்பதாகவும் பாராட்டினார். அடுத்த சனிக்கிழமை நேரில் விசாரிக்க வருகிறாராம். மாணவரை வரச் சொல்ல வேண்டியது என் பொறுப்பாம். வாழ்நாளில் என் எழுத்தை ஒருவர் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

அந்த அம்மாவின் பால்வாடி வேங்கிக்காலைத் தாண்டிப் போனால் வரும். சைக்கிளில் போனேன். குழந்தைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. தூங்குகிற குழந்தைகள் நடுவில் ஒரு கல்லூரி விரிவுரையாளன் மெல்லிய குரலில் தன் துரோகத்தை ஒப்புக்கொள்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மெயிலின் நகலையும் கொண்டுபோயிருந்தேன். அவர் அதை வாங்கி அட்டவணை வரை நிதானமாகப் படித்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அழுதாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகக் கைக்குட்டை வைத்திருந்தேன், எனக்குத்தான்.

“கரெக்டாத்தான் எழுதிக்கீறீங்க சார்,” என்றார். “ஒரு ஆள் இல்ல. ஒம்போது பேரு.”

ஒரு குழந்தை புரண்டு படுத்தது. போர்வையைச் சரிசெய்துவிட்டு வந்தார். டிசம்பர் எழுத முடியாதா சார் என்று கேட்டபோது குரல் முதல் தடவையாகக் கீழே இறங்கியது. எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை. சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் என்று கேட்டுக்கொண்டார்.

வந்தார். எங்கள் கல்லூரியின் படிப்பு மைய அறையில் அதிகாரி ஒரு மேசைக்குப் பின்னால், இவர் எதிரில், நான் பக்கவாட்டில், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று தெரியாமல். லாகினை மற்றவர்களிடம் கொடுத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். இல்லை மேடம் என்றார். அப்படியானால் இந்தக் கேள்விகள் யாருடையவை? துணிப்பையிலிருந்து இரண்டு நீளமான பதிவேடுகளை எடுத்து மேசையில் வைத்தார்.

பால்வாடியில் எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. எந்தக் குழந்தைக்கு எத்தனை கிராம் மாவு, யாருக்கு எந்தத் தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் கோடு போட்டு, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வைப்பார்கள். இதற்கும் அப்படியே செய்திருந்தார். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். கேட்டவர் பெயர், அவருடைய சொந்தப் பதிவெண், கேள்வித் துண்டு ஒட்டப்பட்டு, அதன் எதிரில் பதில் கிடைத்த தேதி, வாங்கிக்கொண்டதற்கு அவரவர் கையெழுத்து. கடைசிக் கட்டத்தின் தலைப்பு: புரிந்ததா. அதில் ஆம், இல்லை, மறுபடி கேட்க வேண்டும் என்று ஒன்பது பேரும் தங்கள் கையால் எழுதியிருந்தார்கள். என் பதில்களில் எது புரிந்தது, எது புரியவில்லை என்று அந்தக் கட்டத்தைப் பார்த்தால் போதும். திட்ட விலக்கத்துக்கு நேராக முதல் மாதம் ஆறு ‘இல்லை’ இருந்தன. நான் இரண்டாம் முறை எழுதிய பிறகு ஒரே ஒரு ‘இல்லை’. அந்த ஒரு ‘இல்லை’ அவருடையது.

அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். அந்த மையத்தில் கேள்விப் பலகை என்று ஒன்றை வைத்து, அதற்குச் சர்வர், லாகின், சுற்றறிக்கை எல்லாம் செய்து, புரிந்ததா என்ற கட்டம் மட்டும் இல்லாமல் விட்டிருந்தோம். அதைச் சேர்த்துக்கொண்டவர், போன் இல்லாத எட்டு ஊரை ஒரு துணிப்பையால் அந்தப் பலகையோடு இணைத்திருந்தார்.

இந்தக் குழந்தை எடைக் கேள்வி யாருடையது என்று அதிகாரி கேட்டார். சாத்தனூர் பக்கத்து அக்கா ஒருவருடையது என்றார். பின்னம்? அது என்னுது மேடம் என்றார், கொஞ்சமும் கூச்சம் இல்லாமல். அதிகாரி ஒரு தாளில் ஏழு எண்களை எழுதித் திட்ட விலக்கம் கண்டுபிடிக்கச் சொன்னார். அந்த அறையில் நான் அடைந்த பதற்றம் என் சொந்த முதுகலைத் தேர்வில்கூட அடையாதது. பையில் இருந்த சாக்பீஸ் இரண்டு துண்டானது. அவர் விரல்விட்டு எண்ணி, ஒரு தடவை அடித்துத் திருத்தி, கால் மணி நேரத்தில் விடையை எழுதினார். சரியாக இருந்தது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். இணைய வசதி எடுக்காத எட்டு மாணவர்களுக்கு இத்தனை மாதமாக நீங்கள் ஏன் பதில் சொன்னீர்கள் என்று கேட்டார். விதிப்படி அது என் வேலை இல்லையாம். நான் விசாரிக்கப்படுவேன் என்று பயந்தது பலித்துவிட்டது, காரணம்தான் வேறு.

“கேட்டாங்க மேடம்,” என்றேன். அதைவிட நல்ல பதில் எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

முடிவைக் கடிதத்தில் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பதிவேடுகளின் இரண்டு பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு போய்விட்டார். படிப்பு மையத்துக்கு அவருடைய ஹால் டிக்கெட் வரும் வரை பதினொரு நாள் நான் தபால்காரரைக் கல்லூரித் தெருமுனையிலேயே மறித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா அந்தப் பதினொரு நாளும் வழக்கம்போலக் குழந்தைகளுக்கு எடை போட்டார், படித்தார். இதை அவரே பிறகு சொன்னார். வேறு என்ன சார் செய்ய முடியும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பதிவு ரத்தாகவில்லை. அடுத்தவர் கேள்வியைத் தன் லாகினில் இனி எழுதக் கூடாது என்று அவருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், தகுதியில்லாத மாணவர்களுக்குப் பதிலளித்ததற்காக எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் வந்தன. மற்ற எட்டுப் பேருக்கும் தனித்தனி லாகின் கொடுத்தார்கள். கேள்விகள் அதன் பிறகு ஒன்பது எண்களிலிருந்து, அதே இரண்டாவது வியாழன் மாலை, அதே பாய் கடையிலிருந்து வந்தன. டிசம்பரில் ஒன்பது பேரும் புள்ளியியல் எழுதினார்கள். ஏழு பேர் தேறினார்கள். பதினேழாம் எண் நாற்பத்து மூன்று மதிப்பெண், தேற நாற்பது வேண்டும்.